பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங் நடுங்கினால்: பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மணிக்கு 70 கி.மீ. தாண்டியதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கத் தொடங்குகிறது. 85 வரை கூடிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் போனால் சற்று அடங்குவதுபோல் இருக்கிறது. இதைப் பட்டறையில் சொல்லிப் பாருங்கள். ஒருவர் அலைன்மென்ட் (வீல்கள் நிற்கும் கோணம்) பார்க்கச் சொல்வார். அடுத்தவர் முன் வீல்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டுகளான டை ராட் எண்டு இரண்டையும் மாற்றிவிடலாம் என்பார். இன்னொருவர் கிங்பின் செட் வாங்கி வரச் சொல்லிச் சீட்டே எழுதிக் கொடுத்துவிடுவார். மூவருமே அனுபவசாலிகள்தான். ஆனால் ஒருவரும் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள், வீலைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே சொன்ன அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் சில நூறு ரூபாயில் முடிகிற வீல் பேலன்சிங் குறைபாடு.

முதல் முறையாகச் சொந்தமாகப் பிக்கப் வாங்கி ஓட்டத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாப் பழுதையும் நீங்களே சரிசெய்ய வேண்டியதில்லை. எங்கே பழுது என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குள் நுழைந்தாலே பாதிச் செலவு மிச்சம். தேவைப்படுபவை: ஜாக்கி, தாங்கும் ஸ்டாண்டு இரண்டு, வீல் ஸ்பானர், காற்று அளக்கும் கேஜ், டார்ச், சாக்பீஸ், கூடவே பொறுமையாக உதவ ஒரு ஆள்.

முதலில் உங்கள் வண்டியின் முன்பக்கம் எந்த வகை என்று குனிந்து பாருங்கள். டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற சரக்கு வண்டிகளில் இரண்டு முன் வீல்களையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைக்கும். அதைப் பட்டை ஸ்பிரிங்குகள் தாங்கும். இசுசூ டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் ஒவ்வொரு வீலும் தனித்தனி ஆர்ம்களில், காயில் ஸ்பிரிங்கோடு நிற்கும். முதல் வகையில் வீல் திரும்புவது பொதுவாகக் கிங்பின்னில். இரண்டாவதில் பால் ஜாயின்ட்டில். சோதனை முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

எப்போது நடுங்குகிறது?

‘ஸ்டீயரிங் ஆடுகிறது’ என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் காரணம் சொல்ல முடியாது. எந்த வேகத்தில், எந்தச் சாலையில், பிரேக் போட்டபோதா போடாதபோதா, பாரத்தோடா காலியாகவா என்று சொன்னால், நல்ல மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலேயே பாதிக் காரணங்களை ஒதுக்கிவிடுவார். எனவே முதல் வேலை ஸ்பானரைத் தொடுவது அல்ல; ஒரு தாளை எடுத்துக்கொண்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பது. போக்குவரத்துக் குறைந்த, சமமான, நேரான சாலை வேண்டும். விடியற்காலையில் நான்கு வழிச் சாலை பொருத்தம். நீங்கள் ஓட்டுங்கள், உடன் வருபவர் குறித்துக்கொள்ளட்டும்.

30 கி.மீ. வேகத்தில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் சிறிது தூரம் சீராகப் போய்ப் பாருங்கள். 65 முதல் 95 வரை ஏதோ ஓர் இடத்தில் தொடங்கி, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறைந்தால், வீல் சமநிலையில் இல்லை என்பதே முதல் சந்தேகம். இதற்குக் கணக்கு இருக்கிறது. வெளிவிட்டம் 70 செ.மீ. உள்ள டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் ஓடும். 80 கி.மீ. வேகத்தில் அது வினாடிக்குப் பத்து முறை சுற்றுகிறது. 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் கிட்டத்தட்ட 4 கிலோ விசையோடு வினாடிக்குப் பத்து முறை வீலை இழுக்கும். 40 கி.மீ. வேகத்தில் அதே 50 கிராம் தரும் விசை 1 கிலோவுக்கும் குறைவு; வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமே தெரிவதில்லை. வீலும் ஆக்சிலும் ஸ்பிரிங்கின் மீது இயல்பாகத் துள்ளும் கதியும் வினாடிக்கு 10 முதல் 15 வரைதான். இரண்டு கதிகளும் ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சமாகிறது. தாண்டிப் போனால் அடங்குகிறது.

மாறாக, 20 முதல் 40 கி.மீ. வேகத்திலேயே ஸ்டீயரிங் இடமும் வலமுமாக மெதுவாக அசைகிறதா? அது பேலன்சிங் அல்ல. ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம். இரண்டாவது ஆபத்தானது. அப்படி இருந்தால் மேற்கொண்டு ஓட்டிப் பார்க்கும் சோதனையே வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி டயரைப் பாருங்கள்.

நடுங்கும் வேகத்தில் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருளவிடுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் போய்விடும். இறக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. நியூட்ரலில் உருளும்போதும் நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சின் மீது குற்றமில்லை. எஞ்சின் வேகம் இறங்கியதும் நின்றுவிட்டால் எஞ்சின் மவுண்டிங், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் போனால் எஞ்சினின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டைப் பாருங்கள். நான்கு வீல் டிரைவ் வண்டியென்றால் முன் டிரைவ் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடுக்கம் எங்கே உணரப்படுகிறது என்பதும் ஒரு துப்பு. கையில் என்றால் முன்பக்கம். சீட்டிலும் தரைத் தகட்டிலும் என்றால் பின் வீல்கள் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட். ஷாஃப்ட் வீலைவிட ஏறக்குறைய நான்கைந்து மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் அதிர்வு பொடியாக, ரீங்காரம்போல் இருக்கும். வீலின் நடுக்கத்தைக் கையால் ஏறக்குறைய எண்ண முடியும். ஷாஃப்ட்டின் அதிர்வை எண்ண முடியாது.

இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மெதுவாக அழுத்தும்போது மட்டும் நடுங்குகிறதா? நீளமான வளைவில் போகும்போது ‘ஊம்ம்’ என்ற ஒலி கூடுகிறதா? இடப்பக்கம் திரும்பும்போது ஒலி கூடினால் பாரம் வலப்பக்க வீலில் ஏறுகிறது என்பதால், வலது வீல் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங்.

முடிந்தால் காலி வண்டியில் ஒரு முறை, வழக்கமான பாரத்தோடு ஒரு முறை இதையெல்லாம் செய்யுங்கள். காலியாக இருக்கும்போது மட்டும் ஆடும் வண்டிக்குத் தனிக்கதை இருக்கிறது, பின்னால் வருகிறது.

ஜாக்கியைத் தொடும் முன்

வீல் நட்டுகள். சிரிக்காதீர்கள். பஞ்சர் ஒட்டிய இரண்டு மூன்று நாளில் வண்டி ஆடத் தொடங்கினால் பாதி நேரம் இதுதான் காரணம். ஒவ்வொரு நட்டையும் ஸ்பானரால் இறுக்கிப் பாருங்கள். நட்டு உட்காரும் குழியைச் சுற்றித் துரு நிறத்தில் கோடு வழிந்திருந்தால், அந்த வீல், அது மாட்டப்பட்டிருக்கும் நடுப்பாகமான ஹப்பின் மீது அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் இறுக்கிப் பயனில்லை. ரிம்மை மாற்ற வேண்டும்.

அடுத்து காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி. பாரம் ஏற்றுவோம் என்பதற்காக முன் டயரிலும் பின் டயரின் அளவுக்கு அடித்து வைப்பது பலருக்குப் பழக்கம். முன் டயர் கல்லாகிவிட்டால் சாலையின் ஒவ்வொரு ஒட்டும் ஸ்டீயரிங்குக்கு வரும்.

இனி டயர். இங்கே நேரம் செலவிடுங்கள். நான் பார்த்தவரை, ‘புரியாத நடுக்கம்’ என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கும் விடை டயரின் மேற்பரப்பிலேயே எழுதியிருக்கும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்தால் டயரின் முகம் நன்றாகத் தெரியும். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்; கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரில் கையை வைத்தால் கிழித்துவிடும். கம்பி இல்லை என்று உறுதியானதும், உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகளான பட்டன்களின் மீது வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் அரம்போல் பிடித்தால் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் வீல்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. அலைன்மென்ட் உண்மையிலேயே தேவைப்படும் வண்டி அது. சுற்றளவில் ஒரு மேடு ஒரு பள்ளம் என்று அலை அலையாகத் தேய்ந்திருந்தால், ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு ஜாயின்ட்டில் பிளே, அதாவது தளர்ந்த ஆட்டம், இருக்கிறது. உள் விளிம்பு மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் கேம்பர் கோணம் (வீலின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு), கிங்பின் அல்லது பால் ஜாயின்ட். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

பக்கச் சுவரில் வீக்கம் இருக்கிறதா, பட்டன் பரப்பில் ஓர் இடம் மட்டும் மேடேறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மேடுதான் கம்பி அடுக்கு பிரிந்ததன் அடையாளம். எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் அந்த டயர் முன்னால் ஓடக் கூடாது, பின்னால் மாற்றிப் போட்டும் ஓட்டக் கூடாது. ரீட்ரெட் செய்த, அதாவது தேய்ந்த டயரின் மீது புதிய மேல்பரப்பு ஒட்டிய, டயரை முன் வீலில் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் அது சிக்கனம். முன்னால் அந்த மேல்பரப்பு பிரிந்து விழுந்தால் வண்டியே கையில் நிற்காது.

பழைய டயர் என்றால் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. ரிம் விளிம்பை ஒட்டி, டயரின் பக்கச் சுவரில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் புதைந்து, எதிரே விலகி நின்றால், டயர் கோணலாக ஏறியிருக்கிறது. அதை எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் ஆடும். காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி மீண்டும் உட்காரவைத்தால் சரியாகிவிடும்.

ரிம்மின் உட்பக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் இறங்கி ஏறிய வண்டியில், உள்விளிம்பில் ஒரு பக்கமாகக் காய்ந்து கிடக்கும் செம்மண்ணே 100 கிராமைத் தாண்டும். மேலே சொன்ன 50 கிராம் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சுரண்டிக் கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சில வண்டிகளுக்கு வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

முன் பின் நான்கு வீலும் ஒரே அளவென்றால் ஒரு மலிவான சோதனை உண்டு: முன் வீல்களைப் பின்னாலும் பின் வீல்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுவது. ஸ்டீயரிங் நடுக்கம் குறைந்து சீட்டுக்கு வந்துவிட்டால், குற்றவாளி டயர் அல்லது ரிம். ஒன்றும் மாறவில்லை என்றால் ஹப், பேரிங், ஜாயின்ட்டுகளை நோக்கிப் போக வேண்டும்.

வண்டி தரையில் நிற்கும்போதே

ஜாயின்ட்டுகளில் உள்ள பிளேயைக் கண்டுபிடிக்க வீலைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஸ்டீயரிங் இணைப்புகளுக்கு அது நேர்மாறு. வீல் தரையில் அழுந்தி நின்றால்தான் இணைப்புகளில் பாரம் விழும். தேய்மானம் வெளிச்சத்துக்கு வரும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீல்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். உதவிக்கு வந்தவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சிறு அளவில், வீல் திரும்பியும் திரும்பாமலும் இருக்கும்படி, விடாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். கியர் நியூட்ரலில் இருப்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, ஃபேன் பெல்ட்டுக்கு அருகே கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கீழே குனிந்து ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து தொடங்குங்கள். பாக்ஸ் சேஸியோடு இணையும் போல்ட்டுகளில் அசைவு இருக்கிறதா? அந்த இடத்தில் சேஸியில் கீறல் இருக்கிறதா? அடுத்து பாக்ஸிலிருந்து வெளியே வரும் கைபோன்ற பிட்மன் ஆர்ம், அதிலிருந்து வீலுக்குப் போகும் டிராக் லிங்க், இரண்டு வீல்களையும் இணைக்கும் டை ராட், அதன் இரு முனைகள். ஒவ்வொரு ஜாயின்ட்டின் மீதும், அதன் இரு பக்கப் பாகங்களிலும் படும்படி விரல்களை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிளே கூட விரலுக்கு ‘டக்’ என்று தெரியும். நல்ல ஜாயின்ட்டில் இரு பாகமும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒன்று முதலில் நகர்ந்து, மற்றது ஒரு கணம் தாமதித்துப் பின்தொடரும். ரப்பர் உறை கிழிந்து, மண்ணும் கிரீஸும் கலந்து கறுப்பாக வழியும் ஜாயின்ட்டில் இன்று பிளே இல்லாவிட்டாலும் விரைவில் வரும்.

அசைவு நடக்கும் இடங்கள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் அழுக்குப் படிந்திருக்க, ஓர் இடம் மட்டும் வெள்ளி போல் பளபளத்தால் அங்கே இரும்பும் இரும்பும் உரசுகின்றன. பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட், பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிள் இவற்றின் ஓரங்களில் செந்நிறத் துருப்பொடி கசிந்திருந்தாலும் அப்படியே. பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் யூ போல்ட் தளர்ந்தால் ஆக்சிலே இடம் மாறி நிற்கும். எந்த அலைன்மென்ட்டும் நிலைக்காது.

பாக்ஸுக்குப் பதிலாகப் பல் வெட்டிய சட்டம் உள்ள ரேக் வகை ஸ்டீயரிங் வண்டியென்றால் ரேக்கைத் தாங்கும் ரப்பர் புஷ்கள், உள் டை ராட் ஜாயின்ட் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஸ்டீயரிங் பாக்ஸில் பிளே குறைக்க ஒரு ஸ்குரூ உண்டு. சிலர் அதை இறுக்கி ‘ஆட்டம் போய்விட்டது’ என்று வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராகாது. பாக்ஸும் உள்ளே தேயும். மற்ற ஜாயின்ட்டுகள் அனைத்தும் சரி என்று தெரிந்த பிறகு, கையேட்டின் அளவுப்படி மட்டுமே அந்த ஸ்குரூவைத் தொட வேண்டும்.

வீலைத் தூக்கிய பின்

சமதளம். கியர் போட்டு, பின் வீல்களுக்குக் கல் வைத்து, ஆக்சில் அல்லது சேஸியின் கீழ் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்குக் கீழே யாரும் போகாதீர்கள். தனித்தனி ஆர்ம் உள்ள வண்டியில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மீது உட்கார்ந்திருந்தால், தூக்குவதும் கீழ் ஆர்மின் அடியில்தான்; அப்போதுதான் கீழ் பால் ஜாயின்ட் பாரம் இல்லாமல் தளர்ந்து, பிளேயைக் காட்டும்.

டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து, கடிகாரத்தின் 12-ஐயும் 6-ஐயும் பிடித்ததாக வைத்துக்கொண்டு, உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உதவியாளரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் போட்டதும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் போட்ட பிறகும் ஆடினால் கிங்பின் அல்லது பால் ஜாயின்ட். பிரேக் ஹப்பையும், ஹப்பைத் தாங்கும் பாகமான நக்கிளையும் ஒன்றாகப் பிடித்துவிடுவதால் பேரிங்கின் பிளே ஒளிந்துகொள்கிறது. கிங்பின் அதற்கு அப்பால் இருப்பதால் ஒளிய முடியாது. இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் கிங்பின் செட் வாங்குபவர்கள் ஏராளம்.

பிறகு 3-லும் 9-லும் பிடித்து ஆட்டுங்கள். இந்தத் திசையில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்டு அல்லது ஸ்டீயரிங் இணைப்பு. இரு திசையிலும் என்றால் மீண்டும் பேரிங்.

கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங் உள்ள ஹப்பில் சிறிய பிளே என்றால் உடனே புதியது வாங்க வேண்டாம். கழற்றி, கழுவி, உருளைகளிலும் பாதையிலும் நீலம் பாய்ந்திருக்கிறதா, பொரிந்திருக்கிறதா என்று பார்த்து, நன்றாக இருந்தால் புதிய கிரீஸ் வைத்துப் பூட்டலாம். வீலைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கையேட்டில் சொன்ன அளவு தளர்த்தி, புதிய ஸ்பிளிட் பின் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடும் சிக்கனம் வேண்டாம். வெள்ளத்தில் ஹப் மூழ்கிய வண்டியென்றால் பிளே இல்லாவிட்டாலும் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் புகுந்த கிரீஸ் வெளுத்திருக்கும்.

கிங்பின் வண்டிகளில் கிரீஸ் அடிக்கும்போதும் வீலைத் தூக்கி அடிப்பதே முறை. பாரம் அழுந்தி நின்றால் அடியில் பாரத்தைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்குக்குக் கிரீஸ் போய்ச் சேராது.

தூக்கிய நிலையிலேயே வீல் கோணலையும் பார்த்துவிடலாம். டயருக்கு அருகே ஒரு செங்கல்லை வைத்து, அதன் மீது சாக்பீஸைப் பட்டன் பரப்பை லேசாகத் தொடுமாறு பிடித்துக்கொண்டு வீலைக் கையால் சுற்றுங்கள். சாக்பீஸ் ஓரிடத்தில் மட்டும் கோடு போட்டு, எதிர்ப்பக்கம் விலகினால் வீல் வட்டமாக இல்லை. பக்கவாட்டிலும், ரிம் விளிம்பிலும் இதையே செய்யுங்கள். மேடுக்கும் பள்ளத்துக்கும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும். ரிம் சரியாக இருந்து டயர் மட்டும் ஆடினால் டயரின் குற்றம். ரிம்மும் ஆடினால் ரிம் வளைந்திருக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் ஆடினால், வீலைக் கழற்றி ஹப் முகத்தில் துருக்கட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னத் துருப்பொறுக்கு இடையில் சிக்கினாலும் வீல் சாய்ந்துதான் உட்காரும்.

பேலன்சிங் கடையில்

இதுவரை எதிலும் பிளே இல்லை, டயரும் நன்றாக இருக்கிறது என்றால் பேலன்சிங்குக்குப் போகலாம். கடையில் நின்று பார்க்க வெட்கப்படாதீர்கள். பழைய ஈயக்கட்டிகளை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வீல் மெஷினில் மையமாக உட்கார, நடு ஓட்டைக்குப் பொருந்தும் கூம்பு போட வேண்டும். உள், வெளி இரு பக்கமும் எடை காட்ட வேண்டும். எடை ஒட்டியபின் மறுபடி சுற்றி, இரு பக்கமும் பூஜ்யம் வந்ததை நீங்களே பாருங்கள். பூஜ்யம் வந்த வீலைக் கழற்றி, கொஞ்சம் திருப்பி மீண்டும் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். இப்போது 20, 30 கிராம் காட்டினால், வீல் மெஷினில் சரியாக உட்காரவே இல்லை. முன் இரண்டு மட்டும் போதும் என்பார்கள். நான்கையும் செய்துவிடுவது நல்லது. ஒரே வீலுக்கு 100 கிராமுக்கு மேல் கேட்டால், எடையை ஒட்டிக்கொண்டு வராமல், டயரை ரிம்மின் மீது பாதிச் சுற்று திருப்பிப் போட்டு மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்கில் மட்டும் நடுங்கினால்

முன் டிஸ்க் ஒரே கனத்தில் இல்லை. டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மி.மீ. அளவுக்கு வந்தாலே நாளடைவில் கால் மிதியிலும் கையிலும் தெரியத் தொடங்கும். தொப்பூர் போன்ற இறக்கங்களில் கியரை இறக்காமல் பிரேக்கை நம்பியே வந்து, கீழே இறங்கியதும் புகையும் வீலில் பாட்டில் தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சிவக்கக் காய்ந்த இரும்பில் அப்படி ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும், கீறலும் விடும். வண்டியை மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிக் காற்றிலேயே ஆறவிட வேண்டும். வீல் நட்டை ஒரு பக்கம் மட்டும் முரட்டுத்தனமாக இறுக்குவதும் டிஸ்க் கோணலுக்கு ஒரு காரணம். நட்சத்திர வடிவில் எதிரெதிராக இறுக்க வேண்டும். டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கலாம், ஆனால் அதன் மீதே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது.

பள்ளத்தில் விழுந்ததும் உதறினால்

இது வேறு நோய். சீராக ஓடும் வண்டி, பாலத்தின் ஒட்டிலோ குழியிலோ ஒரு வீல் இறங்கி ஏறியதும், முன்பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும்; வேகத்தை வெகுவாகக் குறைக்கும்வரை நிற்காது. பெரும்பாலும் ஒரே ஆக்சில் உள்ள வண்டிகளில் வருவது இது. ஒரு வீலின் உதறல் ஆக்சில், டை ராட் வழியாக மறு வீலுக்குப் போய்த் திரும்பி வந்து தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜீப் ராங்லர், ராம் 2500, ஃபோர்டு எஃப்-250 போன்ற ஒரே ஆக்சில் வண்டிகளின் சொந்தக்காரர்கள் இதை ‘டெத் வாபிள்’ என்று அழைக்கிறார்கள். அவற்றில் காயில் ஸ்பிரிங் இருப்பதால், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது டிராக் பார் என்ற ஒரு கம்பி. அதன் புஷ்ஷோ, போல்ட் ஓட்டையோ தேய்ந்தால் உதறல் வரும். பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் அந்த வேலையைப் பட்டையே செய்கிறது. ஆகவே பட்டைக் கண் புஷ், ஷேக்கிள், யூ போல்ட், கிங்பின் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

உதறல் வந்தால் திடீரென்று பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து மல்லுக்கட்டவும் வேண்டாம். பெருவிரல்களை வளையத்துக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை விட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

காலி வண்டியில் மட்டும் ஆடுவதற்கான கதை இங்கேதான் வருகிறது. கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் ஒன்றிரண்டு பட்டை சேர்த்துப் போடுவது நம் ஊரில் சகஜம். காலியாக இருக்கும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும், மூக்கு தாழும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அதன் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். கிங்பின்னுக்கும் அதே சாய்வு உண்டு. அதன் பெயர் காஸ்டர். வீல்பேஸ் 3 மீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கம் 5 செ.மீ. உயர்ந்தால் காஸ்டர் ஏறக்குறைய 1 டிகிரி குறைகிறது. மொத்தமே சில டிகிரிதான் இருக்கும் இடத்தில் இது பெரிய இழப்பு. அதோடு தேய்ந்த கிங்பின்னும் சேர்ந்தால் வண்டி தள்ளாடும், உதறும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து காஸ்டரைத் திருத்த முடியும். ஆனால் அது பாரம் ஏற்றிய நிலையில் கோணத்தை வேறு பக்கம் கொண்டுபோகும். சேர்த்த பட்டையைக் கழற்றுவதே என் யோசனை. யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் குறுக்குவழியாக, ஸ்டீயரிங்கின் உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற ஸ்டீயரிங் டேம்பரைப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். உதறல் நின்றதுபோல் இருக்கும். தேய்ந்த ஜாயின்ட் தொடர்ந்து தேய்ந்துகொண்டிருக்கும், டேம்பர் தளரும்போது முன்பைவிட மோசமாக வெளிவரும். எண்ணெய் கசியும் டேம்பரை மாற்றலாம். ஆனால் ஜாயின்ட்டுகளைப் பார்த்த பிறகு.

அலைன்மென்ட் கடைசியில்

பிளே உள்ள முன்பக்கத்தில் அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. மெஷினில் நிற்கும்போது ஒரு கோணம் இருக்கும், சாலையில் இறங்கியதும் வேறு கோணம் வந்துவிடும். ஆனால் டை ராட் எண்டு, கிங்பின், பால் ஜாயின்ட் இவற்றில் எதை மாற்றினாலும் அலைன்மென்ட் கட்டாயம். டை ராட் எண்டைக் கழற்றும் முன் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால் கடைவரை ஓட்டிப் போகும் அளவுக்காவது நேராக இருக்கும். அச்சடித்த அளவுத்தாளை, முன் இருந்தது, பின் வந்தது இரண்டும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஆக்சில் வண்டியில் டோ மட்டும்தான் எளிதில் திருத்தக்கூடியது. கேம்பர் தவறினால் ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

வேலை முடிந்ததும் முதல் நாள் ஓட்டிய அதே சாலையில், அதே வேகங்களில், பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். மாற்றிய பழைய பாகங்களைப் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டை ராட் எண்டைக் கையில் பிடித்து அதன் தண்டை அசைத்தாலே அது உண்மையில் தேய்ந்ததா என்று தெரிந்துவிடும். வீல் கழற்றப்பட்ட வண்டியென்றால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, வீல் சற்று ஆறிய பிறகு, எல்லா நட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.